பாவசங்கீர்த்தனத் தொட்டி: எந்த வரிசையில் நிற்கலாம், எதைத் தவிர்க்கலாம்

பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். எந்தப் பங்குக்காரரும் (பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின் வட்டாரம்) எந்தக் கோயிலிலும், அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் போகலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 991-ஆம் பிரிவு இதை விசுவாசிகளின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் பல பங்குகளில் சனிக்கிழமை மாலை சாமியார் தொட்டியில், அதாவது சங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டில், தனியாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். புனித வாரத்திலோ வரிசை மாதா கெபி வரைக்கும் நீளும். குறை சேவையிலா, வருகிறவர்களிடமா? இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் சரிசெய்யக்கூடிய குறையில் பெரும்பங்கு, வரிசையில் நிற்பதற்கு முந்தின பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

புத்தகத்தில் இதன் பெயர் ஒப்புரவு அருட்சாதனம். ஊரில் இன்றும் பாவசங்கீர்த்தனம்தான். தமிழில் இதற்குக் கையேடு வந்தது நேற்று இன்றல்ல. கொல்லத்தில் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இரண்டே வருஷத்தில், 1580-இல், போர்த்துக்கீசிய மிஷனரி அண்டிரிக் அடிகளாரின் ‘கொம்பெசியொனாயரு’ கொச்சியில் அச்சேறியது. முழுக்க முழுக்கப் பாவசங்கீர்த்தன வழிகாட்டி அது. தமிழ் அச்செழுத்து பிறந்ததும் பார்த்த முதல் வேலைகளில் ஒன்று, பாவத்தை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுத்ததுதான்.

ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஐந்து காரியமும் மனப்பாடம்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அபராதம் (குரு விதிக்கும் பரிகாரம்) தீர்த்தல். வரிசையில் நிற்கிற பலர் நாலாவதில் ஆரம்பித்து நாலாவதிலேயே முடித்துவிடுகிறார்கள். ‘போன தடவை சொன்னதையேதான் சாமி இந்தத் தடவையும் சொல்றேன்’ என்ற சலிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் ஆத்தும சோதனை. பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் மனசு குடைய ஆரம்பிக்கும். பத்துக் கட்டளையை வரிசையாக எடுத்துக்கொள்வது பழைய முறை, இன்றும் நல்ல முறை. இதற்கென்று கோயில் பின்வாசலில் மடிப்புத் தாள் வைத்திருப்பார்கள். அந்தத் தாள்களுக்கு ஐந்துக்கு இரண்டரைதான் கொடுக்க முடியும். பூசை தவறியதற்கும் ஆறாம் கட்டளைக்கும் (மோக பாவம்) பக்கம் பக்கமாகக் கேள்வி இருக்கும். மீட்டர் வட்டிக்குக் கடன் கொடுத்ததற்கு, மருமகளிடம் நகை கேட்டதற்கு, சாதி பார்த்துப் பந்தியில் இடம் ஒதுக்கியதற்கு ஒரு வரி இருக்காது. யாக்கோபு திருமுகம் 5:4, வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் பத்தாம் தேதி வரை சம்பளம் இழுத்தடிப்பதும் அந்த வரிக்குள் வரும். தாளில் இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. கடவுளிடம், வீட்டாரிடம், வேலையிடத்தில், பணத்தில், கைப்பேசியில் என ஐந்து இடங்களை மனசுக்குள் சுற்றிவந்தால் அச்சுத் தாளைவிட நன்றாக வேலை செய்யும்.

மனஸ்தாபத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிக்கிடக்கிறது: அழுதால்தான் மனஸ்தாபம் என்று. மனஸ்தாபம் என்பது மனசு எடுக்கும் முடிவு, கண்ணீர் அதன் அளவுகோல் ஆகாது. கடவுளை நேசிப்பதால் வரும் வருத்தம் உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்தோ பாவத்தின் அசிங்கத்தைப் பார்த்தோ வருவது அதற்கு ஒரு படி கீழே. ஆனாலும் தொட்டிக்கு வருகிறவருக்கு இந்த இரண்டாவது வகையே போதும் என்பதுதான் பதினாறாம் நூற்றாண்டின் திருச்சபைப் பொதுச்சங்கமான திரெந்து சங்கக் காலத்திலிருந்து வரும் போதனை. உத்தம மனஸ்தாபத்துக்கு இன்னொரு பயன் உண்டு. நடுக்கடலிலோ, வெளிநாட்டு லேபர் கேம்பிலோ குரு கிடைக்காத நேரத்தில், கிடைத்ததும் சங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு வரும் அந்த மனஸ்தாபம் சாவான (கனமான) பாவத்துக்கும் மன்னிப்பைக் கொண்டுவரும். ‘என் சர்வேசுரா சுவாமி’ என்று தொடங்கும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் பாட்டிமார் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்த காரணம் இதுதான்.

பிரதிக்கினைக்குச் சோதனை எளிது. ‘இனிக் குடிக்கமாட்டேன்’ என்பது ஆசை. ‘சம்பளத் தேதியில் அந்த ரோடு வழியாக வராமல் பஸ்ஸில் நேரே வீட்டுக்கு வருவேன்’ என்பது பிரதிக்கினை. மறுபடி விழுவேனோ என்ற பயம் இருப்பதால் பிரதிக்கினை பொய்யாகிவிடாது. மறுபடி விழும் வழியைத் திறந்தே வைத்திருந்தால்தான் அது பொய்.

இனித் தொட்டிக்கு வருவோம். குருவுக்கும் பாவிக்கும் நடுவில் பலகையும் சல்லடையும் வைத்த இந்த மரச்சாமானுக்கு உருவம் கொடுத்தவர் மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ. கோயில் கட்டுமானம், தட்டுமுட்டுச் சாமான்கள் பற்றி 1577-இல் வந்த அவருடைய அறிவுரைகளில் இதன் அமைப்பு விவரமாக இருக்கிறது. அதற்கு முன்னால் குரு நாற்காலியில் உட்கார, பாவி பக்கத்தில் மண்டியிடுவது வழக்கம். இன்றைய சட்டத்தின் 964-ஆம் பிரிவும் அசையாத சல்லடை உள்ள இடம் திறந்த பார்வையில் இருக்க வேண்டும், விரும்புகிறவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்த முடிய வேண்டும் என்கிறது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிரே போட்டுவிட்டு ‘முகம் பார்த்துப் பேசுவது நவீனம்’ என்று தொட்டியை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிய பங்குகள் இதைக் கவனிக்க வேண்டும். நேருக்கு நேர் முறை காது மந்தமானவர்களுக்கு, நீண்ட ஆலோசனை தேவைப்படுகிறவர்களுக்கு நல்லது. கூடுதலாக வையுங்கள், தொட்டிக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

நல்ல தொட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? சல்லடை முகத்தின் உயரத்தில் இருக்கும். முழங்கால் பலகையில் மெத்தை இருக்கும். உள்ளே சாமியார் இருக்கிறாரா என்பது வெளியிலிருந்தே தெரியும், பெரும்பாலும் ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். வரிசை குறைந்தது பத்தடி தள்ளித் தொடங்கும். மோசமான தொட்டியின் முதல் குற்றவாளி மின்விசிறி. அதன் இரைச்சலில் சாமியார் ‘என்னம்மா? சத்தமா சொல்லு’ என்பார், அம்மா சத்தமாகச் சொல்வார், முதல் மூன்று பெஞ்சும் காதைத் தீட்டிக்கொள்ளும். சனிக்கிழமை மாலைக்குப் பாட்டுக்குழு ஒத்திகையையும் சங்கீர்த்தனத்தையும் ஒரே மணிக்கு வைப்பது அடுத்த தவறு. எல்லாவற்றிலும் ஆபத்தானது காலர் மைக். பூசைக்குத் தயாராக மைக்கை மாட்டிக்கொண்டு, கடைசி நிமிடத்தில் வந்த ஒருவரைக் கேட்க உட்காரும் சாமியார், சுவிட்சைத் தொட்டுப் பார்க்காமல் கழுத்தில் ஊதா ஸ்டோலை (சங்கீர்த்தனம் கேட்கும்போது அணியும் பட்டையை) போடக்கூடாது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளைக்கு ஒரு யோசனை: சங்கீர்த்தன நேரத்தில் ஆம்ப்ளிஃபயரையே அணைத்துவிடுங்கள்.

நேரக் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரு குரு ஒரு மணி நேரத்தில் 15 பேரைக் கேட்கலாம். பெரிய வியாழன் காலை 150 பேர் வரிசையில் நின்றால் இரண்டு சாமியார்களுக்கு ஐந்து மணி நேரம். நடக்காது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கிடைக்கிறது, ‘மூணு அருள் நிறை மந்திரம் சொல்லுங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். மன்னிப்பு செல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் சேவையாகப் பார்த்தால் ஐந்துக்கு இரண்டு. ஞாயிறு பூசை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிவருவதும் இதே ரகம்.

சிறந்த நேரம் எது? சாதாரண வார நாள் பூசைக்கு அரைமணி முன்பு, முன்கூட்டியே ‘சாமி, கொஞ்ச நேரம் வேணும்’ என்று சொல்லிவைத்துவிட்டுப் போவது. நாலரை நட்சத்திரம். தவக்காலத்தில் பல பங்குகள் நடத்தும் பொது ஒப்புரவு வழிபாடு அடுத்தது: வாசகம், மறையுரை, எல்லாரும் சேர்ந்து ஆத்தும சோதனை, பிறகு ஐந்தாறு வெளிப் பங்கு சாமியார்களிடம் தனித்தனியாக. பத்து வருஷம் போகாமலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. முகம் தெரியாத சாமியார், தயாரிப்பும் அவர்களே செய்துகொடுத்துவிடுகிறார்கள். திருத்தலங்களும் முகம் தெரியாமல் போக வசதிதான். ஆனால் வேளாங்கண்ணி மாதிரி இடத்துக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழாவில் போய் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. மொழி புரியாத குரு கிடைத்தால் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாம் என்று 990-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அவரும் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்.

உள்ளே என்ன சொல்வது? சிலுவை வரைந்து, ‘சாமி, என்னை ஆசீர்வதியும். நான் சங்கீர்த்தனம் செய்து எட்டு மாசம் ஆகுது’ என்று தொடங்கினால் போதும். காலத்தைச் சொல்வது சடங்குக்காக இல்லை. எட்டு மாசத்தில் மூன்று முறை என்பதும் எட்டு நாளில் மூன்று முறை என்பதும் குருவுக்கு வேறு வேறு நோய். பிறகு பாவங்கள். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது 988-ஆம் பிரிவின் விதி. எண்ணிக்கை நினைவில்லையென்றால் ‘வாரம் ஒரு தடவை போல’ என்றால் போதும். அற்பப் பாவங்களைச் சொல்வது கட்டாயமில்லை, ஆனால் சொல்வது நல்லது என்று அதே பிரிவு பரிந்துரைக்கிறது.

ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமாகக் காதில் விழுவது: ‘பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பணவிஷயத்துல கொஞ்சம் தப்பு பண்ணினேன்.’ சொல்ல வேண்டியது: ‘அப்பா நிலத்துல வித்த நெல்லு பணத்துல தம்பி பங்கு 12,000 ரூபாயை மறைச்சு வச்சுக்கிட்டேன். ஒரு தடவை. அவன் கேட்டப்போ வியாபாரி இன்னும் தரலைன்னு ரெண்டு தடவை பொய் சொன்னேன். பணம் இன்னும் என்கிட்டதான் இருக்கு.’ நேரம் அதிகம் ஆகவில்லை, முப்பது விநாடிதான். ஆனால் முதலாவதற்குச் சாமியாரால் பொதுவாகத் தலையாட்டத்தான் முடியும். இரண்டாவதற்கு ‘எப்போ திருப்பிக் கொடுப்பே?’ என்று கேட்க முடியும். அந்தக் கேள்வி வராத சங்கீர்த்தனத்தில் தம்பிக்கு ஒன்றும் கிடைக்காது.

தவிர்க்க வேண்டியது கதை. தம்பி பெண்டாட்டி எப்படிப்பட்டவள், பாகப்பிரிவினையில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய பாவசங்கீர்த்தனம். கூட்டாகச் செய்த பாவத்தில் மற்றவர் பெயரைக் குரு கேட்கவே கூடாது என்று 979-ஆம் பிரிவு சொல்கிறது, நீங்களாகவும் சொல்லாதீர்கள். சுருக்கமாக எழுதிக்கொண்டு போகலாம். கைப்பேசியில் எழுதினால் வாசலைத் தாண்டும் முன் அழித்துவிடுங்கள், தாளில் எழுதினால் கிழித்துப் போடுங்கள். பென்ச்சின் ஜெபப் புத்தகத்துக்குள் மறந்துவைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் ஊருக்கே வாசகம்.

மறதியையும் மறைப்பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உண்மையிலேயே மறந்த சாவான பாவம் மற்றவற்றோடு சேர்ந்து மன்னிக்கப்பட்டுவிடுகிறது. நினைவு வந்தால் அடுத்த முறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெட்கப்பட்டு வேண்டுமென்றே ஒரு சாவான பாவத்தை விழுங்கினால் அன்றைய சங்கீர்த்தனம் முழுக்கச் செல்லாது. அதன் பிறகு செய்தவையும் அதே மறைப்போடு நடந்திருந்தால் கடைசியாக ஒழுங்காகச் செய்த நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இதற்கு நடைமுறை வழி: நாக்கு எழாத அந்தப் பாவத்தை முதலில் சொல்லிவிடுவது. அதுவும் முடியவில்லையென்றால், ‘சாமி, ஒண்ணு சொல்ல வெட்கமா இருக்கு, கேட்டு உதவுங்க’ என்று மட்டும் சொன்னால் அனுபவமுள்ள குரு மீதியைப் பார்த்துக்கொள்வார்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நோய் உண்டு. சங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்ததும் ‘சரியாகச் சொன்னேனா?’ என்று திரும்ப வரிசைக்குப் போகிறவர்கள். வாரம் மூன்று முறை, மூன்று கோயில். இவர்களுக்கு 991-ஆம் பிரிவின் சுதந்திரமே பொறியாகிவிடும். ஒரே குருவை வைத்துக்கொண்டு, அவர் ‘மறுபடி சொல்ல வேண்டாம்’ என்றால் அதைக் கேட்பதுதான் மருந்து. தூக்கமும் வேலையும் கெடுகிற அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது.

அபராதம் பெரும்பாலும் ஒரு பரலோக மந்திரமோ, ஒரு வேத வாசகமோ, ஒரு நற்செயலோ. கோயிலை விட்டு இறங்கும் முன் தீர்த்துவிடுவது உத்தமம், வீட்டுக்குப் போனால் சீரியல் ஆரம்பித்துவிடும். கொடுத்த அபராதம் செய்ய முடியாததாக இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றச் சொல்லலாம். நோயாளியிடம் ஒருசந்தி (உபவாசம்) கேட்கிற குருவிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் அபராதம் வேறு, ஈடுகட்டுதல் வேறு. திருடியது, ஏமாற்றியது, பரப்பிய அவதூறு ஆகியவற்றை மந்திரத்தால் அடைக்க முடியாது. வரி வசூலித்த சக்கேயு, யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8). குறைந்தபட்சம் ஒரு மடங்காவது திரும்பிப் போக வேண்டும். உங்களைக் காட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை: பெயர் போடாத உறையில் போகலாம், குரு வழியாகவும் போகலாம். உரியவர் இறந்துபோயிருந்தால் அவர் வாரிசுக்கு. யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்கு. கோயில் உண்டியலில் பாதியைப் போட்டுக் கணக்கை முடித்துக்கொள்வது பழைய தந்திரம், செல்லாது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சங்கீர்த்தன இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குருவுக்குத் திருச்சபையிலிருந்து விலக்கும் தண்டனை தானாகவே விழுகிறது, அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டும். 2021 டிசம்பர் 8-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பின் திருத்தத்தில் இது 1386-ஆம் பிரிவு. சங்கீர்த்தனத்தைக் கருவியால் பதிவுசெய்வதும் பரப்புவதும் குற்றம் என்று அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. சாமியாரை மாட்டிவிட ரெக்கார்டரை ஆன் செய்துகொண்டு போகிற ஆளுக்கும் இது பொருந்தும். சங்கீர்த்தனத்தைச் சாக்காக வைத்துத் தவறான உறவுக்கு அழைக்கும் குருவுக்குத் தனித் தண்டனைப் பிரிவு இருக்கிறது. கேரளத்தில் எழுந்த புகார்களுக்குப் பிறகு 2018-இல் தேசிய மகளிர் ஆணையம் சங்கீர்த்தனத்தையே நிறுத்தப் பரிந்துரைத்தது. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அது கிளப்பிய பயத்தை ‘திருச்சபைக்கு விரோதம்’ என்று ஒதுக்கித்தள்ளுவதும் சரியில்லை. பெண்களும் சிறுவர்களும் கேட்டு வாங்க வேண்டியவை சல்லடை, கோயிலின் திறந்த பகுதி, மற்றவர் கண்ணுக்குத் தெரியும் வரிசை. பூட்டிய அறைக்கோ சாமியார் பங்களாவுக்கோ வரச்சொன்னால் போகாதீர்கள். தேவைக்கு மீறிய கேள்வி வந்தால் எழுந்து வந்துவிடலாம், ஆயர் இல்லத்தில் புகார் கொடுக்கலாம். இரகசியக் கடமை குருவைத்தான் கட்டுகிறது. நடந்ததைச் சொல்ல உங்களுக்குத் தடையில்லை.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ ஆலோசனை கேட்கலாம், பாவமன்னிப்புப் பெற முடியாது. இணையத்தில் அருட்சாதனம் கிடையாது என்று வத்திக்கான் 2002-லேயே சொல்லிவிட்டது. 2011-இல் அமெரிக்காவில் ஆயர் ஒருவரின் அச்சு அனுமதியோடு வந்த ஐபோன் செயலிகூட ஆத்தும சோதனைக்கு உதவும் நோட்டுப் புத்தகம்தான். தொட்டிக்கு அது மாற்றாகாது என்று வத்திக்கான் பேச்சாளர் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆகிய புராட்டஸ்டன்ட் சபைகளில் ஆராதனையிலேயே எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறார்கள். ஒன்றுபோல முழங்கும் அந்த அறிக்கைக்கு ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் தம்பியின் 12,000 ரூபாய் அதற்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். லுத்தரன் சபைக்கு வித்திட்ட மார்ட்டின் லுத்தரே தனிப்பட்ட அறிக்கையைத் தூக்கி எறியவில்லை: 1529-இன் சிறிய ஞானோபதேசத்தில் அதற்குத் தனிப் பகுதி உண்டு. உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) தனியாக நேரம் கேட்டால் அவர் ஆச்சரியப்படலாம், மறுக்கமாட்டார்.

ஒன்று மட்டும் தாமதிக்க முடியாதது. வீட்டில் படுத்திருப்பவருக்குச் சாமியாரைக் கூப்பிட்டால் ‘கடைசி நேரம் வந்துடுச்சுன்னு பயந்துருவாரு’ என்று பிள்ளைகள் தள்ளிப்போடுவார்கள். ஐ.சி.யூ.வில் குழாய் போட்ட பிறகு ஓடிப்போய் அழைப்பார்கள். நினைவிழந்தவருக்கு நோயில் பூசுதல் (எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம்) கொடுக்கலாம். வாய்விட்டுச் சங்கீர்த்தனம் செய்யும் வாய்ப்பு அதற்குள் போயிருக்கும். மாதத்தின் முதல் வெள்ளிக்கு வீடு வீடாக நற்கருணை கொண்டுபோகும் வழக்கம் உங்கள் பங்கில் இருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் சேர்த்துவிடுங்கள். சாமியார் வந்ததும் டி.வி.யை அணைத்து, அவருக்கு ஒரு நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டில் போட்டுவிட்டு, எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். காப்பி பிறகு கொடுக்கலாம்.